அருவி போய்ச் சேரும் இடம்

அண்டர்ஸ்கார் பண்ணை
2 ஜூன் 1923

அன்புள்ள அமோஸ் அண்ணனுக்கு,

தங்கை திர்சா எழுதுவது. நான் நலம், மாடுகளும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவச் சொன்னேனே, தடவினாயா, இல்லை டப்பாவை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாயன்று பண்ணையைக் குத்தகைக்கு விட்ட எஸ்டேட்டின் ஏஜென்ட் வந்தார். தலையிலிருந்து தொப்பியைக்கூட எடுக்கவில்லை. "எட்மண்ட் போயி அஞ்சு மாசமாச்சும்மா. ஆம்பள இல்லாத பண்ணைய நாங்க எப்பிடி விட்டு வைக்கிறது? செப்டம்பர் இருபத்தொம்பதுக்குள்ள ஒரு ஆளக் காட்டுங்க. இல்லேன்னா வேற குடும்பத்துக்குக் குடுத்துருவோம்" என்றார். என் கணவர் உயிரோடு இருந்தபோது இதே மனிதர் ஒரு துண்டு பாலாடைக்கட்டிக்காக எங்கள் அடுப்பருகே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே தம்பி ஜேபஸை அனுப்பு. வருகிறேன் என்று ஈஸ்டரன்று அவனே எனக்கு வாக்குக் கொடுத்தான். நான் அவனை உன்னிடமிருந்து பறிப்பதாக நீ கோபித்துக்கொண்டிருப்பது தெரியும். அதனால் நீங்கள் இருவரும் மூன்று வாரமாகப் பேசுவதில்லை என்று தபால்காரர் சொன்னார். ஒரே சமையலறை, ஒரே பானைக் கஞ்சி, வாயிலிருந்து ஒரு சொல் கிடையாதாம். உப்பு வேண்டுமென்றால் நாயிடம் சொல்கிறீர்களாம்: "ஃப்ளை, அந்தாளுகிட்ட உப்பக் கேளு." விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் போன பிறகு அழுதேன்.

ஆடு குளிப்பாட்டு முடிந்ததும் அவனை அனுப்பிவிடு. குளிப்பாட்டுக்காக ஓடைக்குக் கட்டிய அணையை உடைக்கும்முன், அருவி விழுந்து மலைக்குள் மறையும் குழியின் வாயில் நின்று, அன்று வேலைக்கு வந்த எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டாக வேண்டுமே. அப்போதாவது அவன் பெயர் உன் வாயில் வரும். அந்தச் சாக்கில் சமாதானமாகிவிடுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை,
திர்சா


ஹாக்ரிக் பண்ணை
15 ஜூன் 1923

அன்புத் தங்கை திர்சாவுக்கு,

நலம். நீ நலமா? உன் இருமல் எப்படி இருக்கிறது? கால் வீக்கம் குறைந்ததா? மாடுகள் நன்றாகப் பால் கறக்கின்றனவா?

ஜேபஸ் இங்கே இல்லை. வியாழக்கிழமை விடிகாலையில் கிளம்பிப் போய்விட்டான். கனடாவுக்கு. லிவர்பூலில் கப்பல் ஏறப்போகிறேன் என்றான். இந்த எண்ணம் அவனுக்கு வெகுநாளாக இருந்திருக்கிறது. உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருப்பான். அவனை எதிர்பார்த்துக் காத்திருக்காதே.

ஆடுகளைக் குளிப்பாட்டியாயிற்று. இருநூற்றுப் பத்து. வெயில் நன்றாக அடிக்கிறது. என் முதுகு பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன் அமோஸ்


அண்டர்ஸ்கார்
24 ஜூன் 1923

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் நலம் அறிய ஆவல். எனக்கு இருமலும் இல்லை, கால் வீக்கமும் இல்லை. யார் உனக்கு அப்படிச் சொன்னது?

ஜேபஸ் செய்த காரியத்தை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தவன். அவனுக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். எட்மண்டின் கம்பளிச் சட்டைகளை அவன் அளவுக்குப் பிரித்துத் தைத்தேன். இப்போது அறையைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. தண்ணீரைத் தாண்டி ஓடியவன் தண்ணீரிலேயே கிடக்கட்டும் என்று வாய்விட்டுத் திட்டினேன். ஞாயிறு ஆராதனையில் அதற்காக மன்னிப்புக் கேட்டேன், ஆனால் முழு மனதோடு அல்ல.

இங்கே ஒரு வினோதம் நடந்தது. என் பாலறையை நீ பார்த்திருக்கிறாய். பின்சுவரே மலைதான், அந்தச் சுண்ணாம்புப் பாறையின் அடியிலிருந்து ஊற்று வந்து கல்வாய்க்காலில் ஓடும், அதில்தான் பால் சட்டிகளை வைப்பேன். இந்த மாதம் ஒரு நாள், வானத்தில் துணுக்கு மேகம்கூட இல்லை, ஊற்று திடீரென்று முழங்கால் உயரம் பொங்கியது. செக்கச்செவேலென்று கலங்கல் தண்ணீர். சட்டிகளெல்லாம் உருண்டன. ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது.

மறுநாள் முதல் பாறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். காலையும் மாலையும் நான் பால் ஊற்றப் போகும்போது கேட்கும். ஆள் கூப்பிடுவதுபோல இருக்கும், கொஞ்சம் நிற்கும், திரும்பக் கூப்பிடும். பக்கத்துப் பண்ணை ஹன்னா வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. "மலைக்குள்ள இருக்கிறது கூப்பிடுதுடி. வெறும் சத்தம்னா போகுது. உம் பேரச் சொல்லிச்சுன்னா மட்டும் பதில் குடுத்துராத. குடுத்தா உள்ள இழுத்துக்கும்" என்றாள். "பேரெல்லாம் இல்ல, சும்மா சத்தந்தான்" என்றேன். ஐந்தாறு நாளில் அதுவாகவே நின்றுவிட்டது. ஆனாலும் இப்போது பாலறைக்குப் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டே போகிறேன். இந்த வயதில்.

ஜேபஸ் விலாசம் எழுதினால் எனக்கு அனுப்பு. திட்டியாவது ஒரு கடிதம் போடுகிறேன்.

அன்புடன்,
திர்சா


ஹாக்ரிக்
29 ஜூலை 1923

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலம் அறிய விரும்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வைக்கோல் வேலை. இந்த வருஷம் புல் கட்டை. மேல்வயல் முடிந்தது, கீழ்வயல் பாதி கிடக்கிறது. தனி ஆளாகச் செய்கிறேன்.

விலாசம் வரவில்லை.

உன் பாலறையில் தண்ணீர் பொங்கியது என்றாயே, அது எந்தத் தேதி? எத்தனை மணி இருக்கும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அமோஸ்


அண்டர்ஸ்கார்
3 ஆகஸ்ட் 1923

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்றுதான் சந்தேகம். ஐந்து வாரம் கழித்து ஏழெட்டு வரி. கையெழுத்தும் கோணல்மாணலாக இருக்கிறது.

ஜூன் பதின்மூன்று, புதன்கிழமை. மதியம் ஒரு மணி. சந்தைக்குப் போகாத புதன் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. எதற்குக் கேட்கிறாய்? உங்கள் அருவித் தண்ணீர் அந்தப் பக்கத்து மில் ஊற்றில்தான் வெளியே வருகிறது என்று அப்பா காலத்திலிருந்து சொல்கிறோமே. நமக்கு நடுவே ஒரு முழு மலை இருக்கிறது, பாதையில் வந்தால் ஒன்பது மைல்.

நானும் சிலவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. லிவர்பூலில் கப்பல் ஏறப்போகிறேன் என்று ஜேபஸ் சொன்னதாக எழுதினாய். பேசாதவன் உன்னிடம் எப்படிச் சொன்னான்? ஃப்ளை எங்கே? அந்த நாயைக் குட்டியிலிருந்து மடியில் போட்டு வளர்த்தவன். ஆராதனைக்குக்கூட அதைக் கூட்டிவந்து போதகரிடம் திட்டு வாங்கியவன். அதை விட்டுவிட்டு எப்படிப் போனான்?

இங்கே வெயில் சுட்டெரிக்கிறது, ஆனால் பாலறைப் பாறையின் அடியிலிருந்து குளிர்க்காற்று வந்துகொண்டே இருக்கிறது. நட்டநடு மதியத்தில் மெழுகுவத்திச் சுடர் என்னைப் பார்த்துச் சாய்கிறது. முன்பு இப்படிக் கவனித்ததில்லை. இப்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அன்புடன்,
திர்சா


ஹாக்ரிக்
20 ஆகஸ்ட் 1923

அன்புத் தங்கைக்கு,

நலம், நலம் அறிய அவா. இத்துடன் ஒரு பாலாடைக்கட்டி அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் வழியில் கடித்துவிடாமல் இருக்க வேண்டும்.

நாய் சாப்பிடவில்லை. வேலைக்கும் வரவில்லை. ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தது. தாங்க முடியாமல் கீழே ஒரு வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தண்ணீர் உன் பக்கம் வராது. அப்பா சொன்னதுதான் சரி. அது மில்லுக்குத்தான் போகிறது. உனக்கு வந்தது எங்கோ மலைமேல் பெய்த மழையாக இருக்கும். வராது, திர்சா. அப்படி வருவதற்கு வழியே இல்லை.

செப்டம்பரில் நானே அங்கே வந்து வேலை செய்கிறேன். என்னை ஆளாகக் காட்டு. பாலறைக்குப் போகும் வேலை மட்டும் வேண்டாம், மற்ற எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

அமோஸ்


அண்டர்ஸ்கார்
9 செப்டம்பர் 1923

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமாக இல்லை. தூக்கம் இல்லை.

வியாழனன்று பெருமழை பெய்தது. ஊற்று பொங்கி வடிந்தபின் வாய்க்காலில் ஒரு பொருள் சிக்கிக் கிடந்தது. ஆட்டுக்குட்டியின் தோல், மண்டையோட்டோடு. கம்பளியில் நீலக்கோடு, இடது தொடையில், சாய்வாக. அது ஹாக்ரிக் அடையாளம். அந்தக் கோட்டைப் போட நீயும் நானும் ஜேபஸும் சின்ன வயதில் சண்டை போட்டிருக்கிறோம்.

எனவே வழி இருக்கிறது, அண்ணா. உங்கள் அருவி என் வீட்டுக்குத்தான் வருகிறது.

ஹன்னாவின் கணவர் ஹார்கர் கல்குவாரியில் வேலை செய்பவர். அவரைக் கேட்டேன். "மழையே இல்லாம தண்ணி பொங்குச்சுன்னா மேல யாரோ மடையத் தெறந்துட்டாங்கன்னு அர்த்தம். ஒங்க அண்ணன் ஆடு குளிப்பாட்டினது என்னைக்கு?" என்றார். உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். குளிப்பாட்டியாயிற்று என்று இருக்கிறது, என்றைக்கு என்று இல்லை.

சுற்றிவளைக்க எனக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு கேள்வி. அன்று அணையை உடைக்கும்முன் குழிவாயில் நின்று யார் யார் பெயரைக் கூப்பிட்டாய்?

திர்சா


ஹாக்ரிக்
23 செப்டம்பர் 1923

திர்சாவுக்கு,

நலம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை ஏழு தடவை எழுதி அடுப்பில் போட்டேன். இது எட்டாவது.

ஜான் மெட்காஃப் என்று கூப்பிட்டேன். அவன் தம்பி ரால்ஃப் என்று கூப்பிட்டேன். இருவரும் கரையிலிருந்து பதில் கொடுத்தார்கள். அவன் பெயரைக் கூப்பிடவில்லை.

வேண்டுமென்றே கூப்பிடவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அவன் பெயரைச் சொன்னதில்லை. ஆட்கள் முன்னால் முதலில் நான் வாய் திறந்தால் தோற்றதுபோல ஆகிவிடும் என்று நினைத்தேன். ரால்ஃப் கேட்டான், "ஜேபஸ் எங்கப்பா?" "மூஞ்சியத் தூக்கிக்கிட்டு எங்கேயாச்சும் போயிருப்பான்" என்றேன். சொல்லிக்கொண்டே அணையின் புல்கட்டிகளைக் கடப்பாரையால் தள்ளினேன். பதினோரு மணி.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு குழியின் விளிம்பில் ஒரு குட்டி நிற்பதைப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் சேறு. அவனுடைய இடுப்புவாரால் முள்மரத்தில் கட்டியிருந்தது. இரட்டைக் குட்டிகள் உள்ளே விழுந்திருக்கின்றன. அணை கட்டியிருக்கும்போது மட்டும்தான் அருவி நிற்கும், குழியில் இறங்க முடியும், அது உனக்கே தெரியும். பெயர் கூப்பிடுவதும் அதற்காகத்தானே. ஒன்றை மேலே கொண்டுவந்து கட்டிவிட்டு இன்னொன்றுக்காக மறுபடி இறங்கியிருக்கிறான். என்னிடம் சொல்லியிருப்பான். பேசிக்கொண்டிருந்தால் சொல்லியிருப்பான்.

கத்தினேன், திர்சா. தொண்டை கிழியக் கத்தினேன். அருவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு மில் ஊற்றுக்கு ஓடினேன். அங்கே மறுநாள் மாலைவரை நின்றேன். எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து உனக்குக் கனடாக் கடிதம் எழுதினேன். நாங்கள் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். தம்பியைக் கொன்றவன் என்று தூக்கில் போடுவார்கள் என்று பயந்தேன். அதைவிட உன் முகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அவன் உன்னை ஏமாற்றவில்லை. பெட்டி கட்டி வைத்திருந்தான். அது இன்னும் பரணில் இருக்கிறது. உனக்கென்று ஒரு தேநீர்க் குடுவை வாங்கி வைக்கோலுக்குள் வைத்திருக்கிறான்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

அமோஸ்


அண்டர்ஸ்கார்
25 செப்டம்பர் 1923

அமோஸ்,

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓடையை அடைத்துவிடு. ஜூனில் கட்டியதைவிட உயரமாகக் கட்டு. மெட்காஃப் சகோதரர்களைத் துணைக்கு வைத்துக்கொள். அவர்களிடம் உண்மையைச் சொல். நானும் ஹார்கரும் பாலறைப் பாறைக்கு அடியில் நுழையப்போகிறோம். பாலறைச் சுவரை அவர் வெள்ளிக்கிழமை உடைத்துக் கொடுப்பார். நான் வேண்டாம் என்றார்கள். நான்தான் போவேன்.

ஹன்னாவின் மகன் சைக்கிளில் வந்து உன் கையில் சீட்டு கொடுக்கும்வரை அணையில் கை வைக்காதே. இம்முறை எல்லாப் பெயரையும் கூப்பிடு.

திர்சா


அண்டர்ஸ்கார்
3 அக்டோபர் 1923

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று அடக்கத்தில் நீ கல்லறை மதிலுக்கு வெளியே நின்றாய். அருகே வந்து பேச எனக்குக் கால் எழவில்லை. அதனால் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? கைகளில் கட்டுப் போட்டிருந்தாயே, சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அணையை நன்றாகப் பிடித்திருந்தாய். ஒன்பது மணிக்குள் தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. குனிந்தும் தவழ்ந்தும் போனோம். உள்ளே பாறையெல்லாம் மெழுகு வழிந்ததுபோல வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஓர் இடத்தில் கூரை மிகவும் தாழ்ந்துவிடுகிறது. மற்ற நாளில் அங்கே தண்ணீர் கூரையைத் தொட்டு நிற்கும், ஆள் நுழைய முடியாது. மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் மட்டும் இருக்கிறது. அன்று தண்ணீருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நுழைந்தோம்.

அதற்கு அந்தப் பக்கத்தில் உலர்ந்த களிமண் திட்டு. அதில்தான் இருந்தான், வெள்ளம் அவனை அதுவரை தள்ளிவந்திருக்கிறது. மேல்சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்திருந்தான். என் பாலறையிலிருந்து ஹார்கர் கயிறு போட்டு அளந்தார். அறுபது அடிதான்.

டாக்டர் பார்த்துவிட்டு, "கணுக்கால்தான் ஒடிஞ்சிருக்கு. வேற அடி இல்ல. குளிரும் பசியுந்தான். அஞ்சாறு நாள் உயிரோட இருந்திருப்பான்" என்றார். விசாரணை அதிகாரியிடம் அவன் குழியில் சிக்கியது விபத்து என்று சொன்னேன். அது உண்மை. கனடாவைப் பற்றி நீயே போய்ச் சொல். அதை நான் உனக்காகச் சொல்லமாட்டேன்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை, ஹன்னாவிடம்கூட. ஜூனில் உனக்கு எழுதியபோது வெறும் சத்தம் என்றேன். அது பொய். அது என் பெயரைச் சொன்னது. தெளிவாகச் சொன்னது. "திர்சாக்கா, திர்சாக்கா" என்று. ஜேபஸ் குரல்தான் என்று வியாழக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்கப் பாறையில் காதை வைத்து உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை காலை ஹார்கரைக் கூட்டிவரலாம் என்று சால்வையைக்கூட எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாசலில் தபால்காரர் நின்றார். உன் கடிதம். அவன் கனடாவுக்குக் கப்பலேறப் போய்விட்டான் என்று எழுதியிருந்தாய்.

கப்பலில் இருக்கிறவன் குரல் மலைக்குள்ளிருந்து வந்தால் அது அவன் குரலாக இருக்க முடியுமா? ஹன்னா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. சால்வையைக் கழற்றி மாட்டினேன். அதற்கப்புறம் அது கூப்பிடும்போதெல்லாம் கேட்காமலிருக்க வெண்ணெய் கடையும் பீப்பாயைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை வரை. அந்த வாரம் வெண்ணெய் நிறைய வந்தது. சந்தையில் எல்லாம் விற்றுப்போயிற்று.

ஒரு வார்த்தை பதில் கொடுத்திருந்தால் போதும், அண்ணா. "இருக்கேன்டா" என்று சொல்லியிருந்தால் போதும்.

ஏஜென்ட் வேறு குடும்பத்தை உறுதி செய்துவிட்டார். இருபதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்குப் போக வேறு இடம் இல்லை, இருந்தாலும் போகமாட்டேன். ஹாக்ரிக்குக்குத்தான் வருகிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னால் முடியவில்லை, என்னை மன்னிக்க நீயும் முயற்சி செய்யாதே.

ஒன்றே ஒன்று செய். நான் வந்தபிறகு என்னிடம் பேசு. மழையைப் பற்றி, ஆட்டைப் பற்றி, உன் முதுகைப் பற்றி, எதையாவது பேசிக்கொண்டே இரு. சாப்பிடும்போதும் பேசு. பேச்சு நின்றால் எனக்கு அது கேட்கிறது.

தங்கை,
திர்சா